சிறு சேமிப்பில் வெட்டுப்படும் வரி: உங்கள் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்



வெளிநாட்டில் உழைக்கும் கணவர் அனுப்பியதில் மிச்சம் பிடித்தது, தையல் வேலையில் சேர்த்தது, வாப்பாவின் சொத்தில் பங்காகக் கிடைத்தது என்று நம் பெண்கள் பலரின் பெயரில் வங்கியில் ஒரு சிறு தொகை இருக்கிறது. வட்டியைத் தவிர்ப்பதற்காக இஸ்லாமிய வங்கி முறையில் முழாரபா வைப்பாக வைத்திருப்போரும் பலர். அந்த வைப்புக்குக் கிடைக்கும் இலாபத்திலிருந்து வரியென்று ஒரு தொகை கழிக்கப்படுவதை நீங்கள் கவனித்ததுண்டா?

இதற்கு நிறுத்திவைத்தல் வரி என்று பெயர். 2023 ஜனவரியிலிருந்து 5 வீதமாக இருந்த இந்த வரி, 2025 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் 10 வீதமாக உயர்ந்தது. வட்டிக்கு மட்டுமல்ல, இஸ்லாமிய வங்கி முறை வைப்புகளின் இலாபத்துக்கும் இது பொருந்தும். வங்கி உங்களுடைய ஏழ்மையையோ வசதியையோ பார்ப்பதில்லை. எல்லோரிடமும் ஒரே அளவில் வெட்டிக்கொண்டு மீதியைத்தான் தருகிறது.

ஆனால் சட்டம் எல்லோரும் வருமான வரி கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அதே 2025 ஏப்ரல் முதல், ஒருவரின் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை வரி விலக்கு உண்டு. அதாவது மாதத்துக்கு ஒன்றரை இலட்சம். கணவரின் வருமானம் அவருக்கு, உங்களுடையது உங்களுக்கு என்று தனித்தனியாகவே கணக்கிடப்படும். அப்படியானால், அந்த எல்லைக்குள் வருமானமுள்ள ஒரு விதவைத் தாயின் வைப்பிலிருந்து கழிக்கப்படுவது, அவர் கட்ட வேண்டியிராத வரி.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஓராண்டில் உங்கள் வைப்புக்கு 80,000 ரூபா இலாபம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வீதமாக 8,000 ரூபா வரியில் போய்விடும். பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளும் சப்பாத்தும் வாங்கும் காசல்லவா அது!

இதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும்? உங்கள் வங்கிக்குச் சென்று சுய பிரகடனப் படிவத்தைக் கேளுங்கள். இந்த ஆண்டு என் மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது என்று அதில் நிரப்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் வரி கழிக்கமாட்டார்கள். இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலிலேயே புதிதாகக் கொடுத்துவிடுங்கள்.

படிவத்தில் டின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைக் கேட்பார்கள். இங்கேதான் பலர் பயந்து பின்வாங்குகிறார்கள். "டின் எடுத்தால் வரி கட்டச் சொல்வார்களே!" என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. அது தவறு. டின் என்பது ஒரு பதிவிலக்கம் மட்டுமே. வருமானம் எல்லைக்குள் இருந்தால் அதற்காக ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. தேசிய அடையாள அட்டையுடன் உள்நாட்டு இறைவரித் திணைக்கள அலுவலகத்தில் இலவசமாகப் பெறலாம். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். சந்தேகமிருந்தால் 1944 என்ற இலக்கத்தில் திணைக்களத்தையே கேளுங்கள்.

ஏற்கனவே கழிக்கப்பட்ட பணம்? அதற்கும் வழியுண்டு. எவ்வளவு வரி கழித்தோம் என்று காட்டும் சான்றிதழை வங்கியிடம் வாங்குங்கள். ஆண்டு முடிந்தபின், நவம்பர் 30ஆம் திகதிக்கு முன் வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பித்து, கழிக்கப்பட்டதை அதில் காட்டி மீளளிப்புக் கோரலாம். இது சற்று அலைச்சலான வேலைதான். படித்த மகனோ மகளோ வீட்டிலிருந்தால் உதவி கேளுங்கள். முன்கூட்டியே பிரகடனம் கொடுத்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிரகடனம் என்பது உங்கள் வாக்கு. வீட்டு வாடகை, சம்பளம், வியாபாரம், எல்லா வங்கிகளின் இலாபம் அத்தனையையும் கூட்டிப் பார்த்த பின்பே கையொப்பமிடுங்கள். எல்லையைத் தாண்டியிருந்தும் இல்லையென்று எழுதுவது சட்டப்படி குற்றம். அல்லாஹ்விடத்திலும் அது பொய்ச் சாட்சியம்தான்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் அறிவோம். ஆனால் நம் வீடுகளில் கணக்கு என்றாலே அது ஆண்கள் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். கணவர் மௌத்தான பிறகு எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் சகோதரிகள் எத்தனை பேர்!

எனவே ஒரு கொப்பி வாங்குங்கள். வங்கியின் பெயர், வைப்புத் தொகை, கிடைத்த இலாபம், கழிந்த வரி ஆகியவற்றை மாதாமாதம் குறித்து வையுங்கள். உங்கள் பெயரிலுள்ள பணம் உங்களுக்கு அல்லாஹ் தந்த அமானிதம். அதில் மற்றவருக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பதும், உங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குவதும் அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும்.