பேருந்துக்குப் பதிலாக ஊபர்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கனடாவில் டொராண்டோவுக்கு வடக்கே, சிம்கோ ஏரிக்கரையில் இன்னிஸ்ஃபில் என்றொரு ஊர். 2016 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 36,000 சொச்சம். ஏரியோரக் குடியிருப்புகள், வயல்களுக்கு நடுவே சிற்றூர்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் தொழிற்பேட்டை என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் இடம். கார் இல்லாதவருக்கு அங்கே மளிகைக் கடைக்குப் போய்வருவதே பெரிய வேலை. பேருந்து வேண்டும் என்ற குரல் எழுந்ததும் நகர மன்றம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. ஒரே ஒரு பேருந்து விட்டால் ஆண்டுக்கு 2.7 லட்சம் கனடிய டாலர். இரண்டு விட்டால் 6.1 லட்சம். அவ்வளவு செலவழித்தாலும் அவை எட்டிப் பார்க்காத தெருக்களே ஊரில் அதிகமாக இருக்கும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பேருந்தே வேண்டாம். 2017 மே மாதம் இன்னிஸ்ஃபில் நகர மன்றம் ஊபர் நிறுவனத்துடன் கைகோத்தது. ஊர்க்காரர் தன் கைபேசியில் காரை அழைக்கலாம். பொழுதுபோக்கு வளாகம், பக்கத்து ஊர் ரயில் நிலையம், தொழிற்பேட்டை போன்ற முக்கிய இடங்களுக்கு 3 முதல் 5 டாலர் கொடுத்தால் போதும், மீதிக் கட்டணம் நகர மன்றத்தின் பொறுப்பு. வேறு எங்கே போனாலும் 5 டாலர் தள்ளுபடி. முதல் ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை 1 லட்சம் டாலர். பேருந்து வாங்க வேண்டியதில்லை, பணிமனை கட்ட வேண்டியதில்லை, ஓட்டுநருக்கு ஓய்வூதியம் தர வேண்டியதில்லை. காலிப் பேருந்து ஊர் சுற்றுகிறது என்று யாரும் கேலி பேசவும் முடியாது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இந்தச் சிற்றூரைத் தேடி வந்தன.

மக்களுக்குப் பிடித்துப்போனது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

2018இல் பயணங்களின் எண்ணிக்கை 80,000ஐத் தாண்டியது. நகர மன்றம் கொடுக்க வேண்டிய மானியம் 6 லட்சம் டாலருக்கு மேலே போனது. இரண்டு பேருந்துக்கு ஆகும் என்று சொல்லி மலைத்த அதே தொகை! 2019 ஏப்ரலில் நகர மன்றம் பிரேக் போட்டது. கட்டணம் 1 டாலர் கூடியது. தள்ளுபடி 5இலிருந்து 4 டாலராகக் குறைந்தது. ஒருவருக்கு மாதம் 30 பயணங்களுக்குத்தான் மானியம், அதற்குமேல் வேண்டுமென்றால் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். தினமும் வேலைக்குப் போய்த் திரும்புகிறவருக்கு 30 பயணம் என்பது 15 நாள். இந்த மாதம் நீங்கள் ஏறியது போதும், இறங்கிக்கொள்ளுங்கள் என்று எந்தப் பேருந்து நடத்துநரும் பயணியிடம் சொன்னதில்லை.

இதை ஊபரின் பேராசை என்றோ நகர மன்றத்தின் அறியாமை என்றோ சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டு வாகனங்களின் அடிப்படைக் கணக்கே எதிரெதிரானது. பேச்சுக்கு, ஒரு பேருந்தை ஒரு மணி நேரம் ஓட்ட 100 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 பேர் ஏறினால் தலைக்கு 10 டாலர். 40 பேர் ஏறினால் தலைக்கு இரண்டரை டாலர். நாற்பதாவது ஆள் ஏறுவதால் டீசல் செலவு ஒன்றும் கூடிவிடாது, அவர் கொடுக்கும் டிக்கெட் காசு மிச்சம். மானிய டாக்சியில் கதை வேறு. ஒரு பயணத்துக்கு 8 டாலர் மானியம் என்றால் 10 பேருக்கு 80, 40 பேருக்கு 320. பேருந்து நிறைய நிறைய அரசின் பாரம் இறங்குகிறது. டாக்சியில் ஒவ்வொருவர் ஏறும்போதும் பாரம் ஏறுகிறது. கூட்டம் சேர்ந்ததற்காக வருத்தப்பட வேண்டிய பொதுப் போக்குவரத்து இது.

பலரை ஒரே காரில் ஏற்றினால் செலவு குறையாதா? ஊபரும் அப்படித்தான் சொன்னது. இன்னிஸ்ஃபில் திட்டமே பகிர்வுப் பயணத்தை நம்பித்தான் தொடங்கியது. ஆனால் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஊரில், ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகிற இரண்டு பேரைச் சேர்ப்பதே அரிது. போக்குவரத்து ஆலோசகர் ஜாரெட் வாக்கர் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிப்போகும் எந்தச் சேவையாலும் ஓட்டுநரின் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து பேருக்கு மேல் ஏற்ற முடிவதில்லை. சுமாரான பேருந்துத் தடமே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஏற்றிவிடும் என்பது அவர் வாதம். செயலி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் தெருவின் நீளத்தைக் குறைக்க முடியாது.

நகர மன்றத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இதே அளவுக்கு ஊர் முழுக்கப் பேருந்து விட்டிருந்தால் செலவு பல மடங்கு ஆகியிருக்கும் என்றார்கள். அது உண்மைதான். ஆள் குறைவாக, வீடுகள் தொலைவாக இருக்கும் இடத்தில் டாக்சி மானியம் மலிவு. ஆனால் அந்த மலிவு, பயன்படுத்துகிறவர்கள் குறைவாக இருக்கும்வரைதான்.

இந்த எல்லையைப் புரிந்துகொண்டு தொடங்கிய இடங்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பினெல்லஸ் மாவட்டம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் இருக்கும் பகுதி. 2014 நவம்பரில் போக்குவரத்துக்காக விற்பனை வரியை உயர்த்தலாமா என்று அங்கே பொது வாக்கெடுப்பு நடந்தது. 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். பணமில்லாத போக்குவரத்துக் கழகம் ஆளில்லாத தடங்களை வெட்டியது. 2016 பிப்ரவரியில் அந்த வெற்றிடத்துக்கு ஊபரையும் உள்ளூர் டாக்சி நிறுவனம் ஒன்றையும் கொண்டுவந்தது. பாதிக் கட்டணம், அதிகபட்சம் 3 டாலர், கழகத்தின் பொறுப்பு. ஆனால் ஒரு நிபந்தனை: பயணம் குறிப்பிட்ட பேருந்து நிறுத்தத்தில் தொடங்க வேண்டும், அல்லது அங்கே முடிய வேண்டும். வீட்டிலிருந்து கடற்கரைக்கு நேராகப் போக மானியம் கிடையாது. கார் பேருந்துக்கு ஆள் கொண்டுவந்து விடலாம், அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. இந்த ஒரு வரிதான் இன்னிஸ்ஃபிலுக்கும் பினெல்லஸுக்கும் உள்ள வித்தியாசம் என்பேன்.

அங்கே எனக்குப் பிடித்தது இன்னொரு திட்டம். வருமானம் குறைந்த இரவுப் பணியாளர்களுக்கு, இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே வேலைக்குப் போய்வர மாதம் இருபதுக்கு மேற்பட்ட இலவசப் பயணங்கள் தந்தார்கள். கடைசிப் பேருந்து போனபிறகு துடைப்பத்தோடு அலுவலகத்துக்குள் நுழைகிறவர், ஓட்டல் சமையலறையைக் கழுவிவிட்டு நள்ளிரவில் வெளியே வருகிறவர் — இவர்களுக்காக இரவெல்லாம் பேருந்து ஓட்டினால் அது காலியாகத்தான் ஓடும். ஆள் குறைவு, நேரம் அகாலம், தேவை உறுதி. டாக்சி மானியத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்காது.

பாஸ்டனில் நடந்ததும் இதே வகை. மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே வண்டி அனுப்பும் சேவையை அமெரிக்கச் சட்டம் போக்குவரத்துக் கழகங்கள்மேல் கடமையாக வைத்திருக்கிறது. அதற்கு முதல் நாளே முன்பதிவு செய்ய வேண்டும், ஒரு பயணத்துக்கான செலவும் மிக அதிகம். 2016இல் பாஸ்டன் போக்குவரத்துக் கழகம் ஊபரையும் அதன் போட்டி நிறுவனமான லிஃப்டையும் சேர்த்துக்கொண்டது. நினைத்த நேரத்தில் கார் வந்தது, ஒரு பயணத்தின் செலவு வெகுவாகக் குறைந்தது. பயணங்களின் எண்ணிக்கையும் கூடியது. கழகத்தின் கணக்கருக்கு அது தலைவலி. மருத்துவமனைக்கு மட்டுமே வெளியே போய்க்கொண்டிருந்தவர் தோழியைப் பார்க்கவும் போனால் அதை வீண்செலவு என்று யார் சொல்வது?

சட்டத்தில் ஒரு வேடிக்கையான மூலையும் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் பணத்தில் ஓடும் பொதுப் போக்குவரத்தில் ஓட்டுநர்களுக்குப் போதைப்பொருள், மது சோதனை கட்டாயம். பல டாக்சி நிறுவனங்களில் ஒன்றைப் பயணியே தேர்ந்தெடுத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் இத்தகைய ஒப்பந்தங்களில் ஊபரின் பக்கத்தில் ஓர் உள்ளூர் டாக்சி நிறுவனத்தின் பெயரும் இருப்பது வழக்கம். சக்கர நாற்காலி ஏறும் வண்டி, ஸ்மார்ட்போன் இல்லாத முதியவருக்குத் தொலைபேசி எண், வங்கி அட்டை இல்லாதவரிடம் ரொக்கம் என்று செயலி கைவிடும் வேலைகள் பெரும்பாலும் அந்தப் பழைய டாக்சிக்காரர் தலையில்தான் விழுகின்றன. செய்திப் படங்களில் அவர் முகம் வராது.

எல்லா ஊரிலும் மக்கள் மொய்த்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கேன்சஸ் நகரில் 2016இல் பிரிட்ஜ் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து செயலி வேன்கள் விட்டார்கள். ஓராண்டில் மொத்தமே 1,480 பயணங்கள்தான். அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே மூடப்பட்டது.

பெருநகரங்களில் கவலை வேறு. ஆள் நெருக்கமாக உள்ள இடத்தில் செயலிக் கார் யாரிடமிருந்து பயணியை எடுக்கிறது? அமெரிக்காவின் பெருநகரங்களை ஆராய்ந்த புரூஸ் ஷாலர் 2018இல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தக் கார்களில் போனவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் அவை இல்லாவிட்டால் பேருந்திலோ ரயிலிலோ போயிருப்பார்கள், நடந்திருப்பார்கள், சைக்கிள் மிதித்திருப்பார்கள், அல்லது கிளம்பியே இருக்க மாட்டார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் 2010க்கும் 2016க்கும் இடையே கூடிய நெரிசலில் ஏறத்தாழ பாதிக்கு இந்தக் கார்களே காரணம் என்று அந்நகரின் போக்குவரத்து ஆணையம் கணித்தது. 2019இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஊபர் தன் ஆவணத்தில், பொதுப் போக்குவரத்துப் பயணங்களையும் தான் பிடிக்கக்கூடிய சந்தையாகக் கணக்கில் சேர்த்திருந்தது. கூட்டாளி என்று அழைக்கும்போது நகர அதிகாரிகள் அந்தப் பக்கத்தையும் படித்திருக்க வேண்டும்.

இனி, நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் பகிர்வு சைக்கிளுக்கு வருவோம். இங்கே கணக்கு பேருந்தை ஒத்தது: நிறுத்தமும் சைக்கிளும் போட்டுவிட்டால், கூடுதலாக ஒருவர் மிதிப்பதால் பெரிய செலவில்லை. பிட்ஸ்பர்க் நகரம் 2017இல் பேருந்து அட்டையைக் காட்டினால் முதல் 15 நிமிடம் பகிர்வு சைக்கிள் இலவசம் என்றது. பேருந்தை விட்டு இறங்கி அலுவலகம் சேர 15 நிமிடம் தாராளம். ஊபர், லிஃப்ட் ஒப்பந்தங்கள் இழுத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இது இழுக்கவில்லை. எனக்கென்னவோ, செலவிட்ட காசுக்கு இதுதான் அதிகம் கொடுத்தது.

விதி எழுதாமல் விட்ட ஊர் டல்லஸ். 2017இல் நிறுத்தமே தேவைப்படாத, எங்கும் விட்டுச் செல்லும் சைக்கிள்களுடன் நிறுவனங்கள் வந்து இறங்கின. நகரம் பணம் தரவில்லை, நிபந்தனையும் போடவில்லை. ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் நடைபாதையிலும் ஓடைகளிலும் கிடந்தன. 2018இல் நகரம் உரிமக் கட்டணமும் விதிகளும் கொண்டுவந்ததும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. சீனாவின் ஓஃபோ விட்டுப்போன மஞ்சள் சைக்கிள்கள் பழைய இரும்புக் கிடங்கில் மலையாகக் குவிந்தன.

சிகாகோ பிட்ஸ்பர்க்குக்கும் டல்லஸுக்கும் நடுவில் நின்றது. அங்குள்ள ‘டிவ்வி’ சைக்கிள் திட்டம் நகரத்தின் சொத்து, நடத்துவது லிஃப்ட். 2019 ஒப்பந்தப்படி லிஃப்ட் 5 கோடி டாலர் முதலீடு செய்து நகரம் முழுவதும் திட்டத்தை விரிக்க வேண்டும். பதிலுக்கு அந்தத் துறையில் தனியுரிமையும் கட்டணம் உயர்த்த இடமும் கிடைத்தது. வசதியானவர்கள் வாழும் பகுதிகளோடு நிற்காமல் தெற்கு, மேற்குப் பகுதிகளின் கோடி வரை சைக்கிள் போனது இந்த ஒப்பந்தத்தால்தான். அடுத்த ஆண்டே மின் சைக்கிள்கள் வந்தன, அவற்றுக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் வந்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் மானியத் தொகையைவிட முக்கியமான பக்கங்கள் வேறு. விலையை யார் ஏற்றலாம், எவ்வளவு? நிறுவனம் பாதியில் விட்டுப்போனால் சேவையை யார் நடத்துவது? பயணத் தரவு யாருக்குச் சொந்தம்? கடைசிக் கேள்விக்காக லாஸ் ஏஞ்சலிஸ் சண்டையே போட்டது. ஸ்கூட்டர், சைக்கிள் நிறுவனங்கள் தங்கள் வண்டிகள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை உடனுக்குடன் தர வேண்டும் என்று நகரம் விதித்தது. பயணிகளின் அந்தரங்கம் என்று காரணம் காட்டி ஊபரின் ஜம்ப் நிறுவனம் மறுத்தது. 2019 இறுதியில் அதன் உரிமத்தை நகரம் நிறுத்தி வைத்தது. அந்தரங்கம் பற்றிய கவலை நியாயமானது, அதைக் குடிமக்கள் உரிமை அமைப்புகளும் சொன்னன. ஆனால் எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்பதே தெரியாத நகரத்தால், மானியப் பயணங்கள் பேருந்து விடும் அளவுக்குப் பெருகிவிட்டதை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? இன்னிஸ்ஃபிலுக்கு அதை உறைக்க வைத்தது ஏறிக்கொண்டே போன பில்தான்.