ஓடு மாற்றும் முன் ரீப்பரைப் பாருங்கள்!

“எங்களுடையது தாத்தா காலத்துச் சீமை ஓட்டு வீடு. மழைக்கு ஒழுகுகிறது. ஓடுகளை இறக்கிவிட்டு, இருக்கிற ரீப்பர் மேலேயே தகர ஷீட் அடித்தால் செலவு குறையும் என்கிறார்கள். செய்யலாமா?” என்று சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நேரடியான பதில்: பழைய ரீப்பர் மேல் அப்படியே ஷீட் அடிக்கக் கூடாது.

காரணம் எடைதான். ஒரு சீமை ஓடு 2 முதல் 3 கிலோ இருக்கும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடுகள் பிடிக்கும். அரை மில்லிமீட்டர் தகர ஷீட்டோ அதே இடத்துக்கு 5 கிலோ அளவுதான். ஓடு தன் பாரத்தாலேயே உட்கார்ந்திருக்கும். ரீப்பர் அதைத் தாங்கினால் போதும். ஷீட்டைக் காற்று மேலே தூக்கும். அப்போது ரீப்பரும் ஆணியும் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். உளுத்த ரீப்பரில் ஆணி நிற்காது.

2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பறக்கும் தகரம் அடுத்த வீட்டுக்காரரின் உயிருக்கும் ஆபத்து.

சிதம்பரம் பொன்னம்பலத்தில் 21,600 பொன் ஓடுகள், 72,000 ஆணிகள் என்று வழிவழியாகக் கணக்குச் சொல்வார்கள். பொன் ஓடே ஆனாலும், அடியில் தாங்குவது மரம்தான். நம் வீட்டுக்கும் அதுவே கணக்கு.

எப்படிச் சோதிப்பது?

இறவாரம், முகடு, சுவரில் மரம் புதையும் இடம், ஒழுகிய இடம் ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். திருப்புளியால் அழுத்துங்கள். கால் அங்குலம் இறங்கினாலே அந்த மரம் போய்விட்டது. தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கும். பனைவாரையில் கறுத்த வைரப்பகுதி கெட்டியாக இருந்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். வெளுத்த சோற்றுப்பகுதிதான் முதலில் மக்கும்.

என்ன செய்யலாம்?

வாரைகள் நன்றாக இருந்து, ரீப்பர் மட்டும் கெட்டிருந்தால், ரீப்பரை முழுவதும் மாற்றிவிட்டு நல்ல ஓடுகளையே திரும்ப அடுக்குங்கள். வெயில் காலத்தில் தகரத்தைவிட வீடு குளிர்ச்சியாக இருக்கும். உடைந்தவற்றுக்கு அதே முத்திரை ஓடுகளைத் தேடுங்கள். வேறு கம்பெனி ஓடு வாய் சேராமல் ஒழுகும். ரீப்பர் இடைவெளியைக் கையிலுள்ள ஓடுகளை வைத்தே அளந்து அடிக்க வேண்டும்.

ஷீட்தான் வேண்டுமென்றால், ரீப்பரைக் கழற்றிவிட்டு, தடித்த குறுக்குச் சட்டம் அல்லது இரும்புக் குழாயை வாரையோடு போல்ட் போட்டு முடுக்குங்கள். ஷீட்டுக்கு ஆணி வேண்டாம். ரப்பர் வாஷர் வைத்த ஸ்குரூ போடுங்கள். ஓரங்களிலும் முகட்டிலும் நெருக்கமாகப் போடுங்கள். வாரையின் அடிமுனையை இரும்புப் பட்டையால் சுவரோடு கட்டுங்கள். இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம்.

ஓடுகளை இறக்காமல் அதன் மேலேயே ஷீட் போடுவதும் தவறு. பாரம் கூடும், அடியில் மரம் கெடுவது கண்ணுக்குத் தெரியாது, எலியும் தேளும் குடியேறும்.

பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் உடைக்காதீர்கள், துளையிடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து, முழுத் தகடாக இறக்குங்கள்.

புது வாரைக்காகப் பனையை வெட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்துள்ளது. பிரித்த வீட்டு வாரைகள் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

சித்திரை, வைகாசியில் வேலையைத் தொடங்குங்கள். ஒரு பக்கக் கூரையை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன், ஆவணியில் பெய்யும் மழையிலேயே ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிடலாம்.