வெள்ளை எழுத்து எங்கே போயிற்று?

தை முதல் பங்குனி வரை மாமல்லபுரக் கடற்கரையில், ஆலிவ் ரிட்லி என்னும் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். குஞ்சுகளும் பெரும்பாலும் இரவில்தான் மணலிலிருந்து வெளிவரும். வெளிச்சமான திசையே கடல் என்று அவை நகரும். கட்டடங்களின் விளக்கொளி அவற்றை எதிர்த்திசைக்கு இழுத்துவிடும். கடலை அடையாமலே பல மடிந்துபோகும்.

எனவே, கடலைப் பார்த்த விடுதி அறைகளின் சன்னல் கண்ணாடிகளில் உட்புறமாக ஒட்டுவதற்கு, எங்கள் கல்லூரி மாணவர்கள் ஒளிபுகும் தாளில் ஸ்டிக்கர் தயாரித்தனர். கரும்பச்சை ஆமை, அதன் முதுகில் வெள்ளை எழுத்தில் ‘திரையை மூடுங்கள்’. கணினியில் அழகாகத்தான் இருந்தது. அச்சாகி வந்ததும் இரவில் ஒட்டிப் பார்த்தோம். எழுத்தைக் காணோம், ஆமையும் இருளில் மறைந்துவிட்டது! பிழை அச்சகத்தாருடையது அன்று. நாங்கள் கொடுத்த படத்தினுடையது.

காகிதம் தரும் வெள்ளை

வண்ண அச்சில் வழக்கமாகப் பயன்படுபவை சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகள். இவற்றுள் வெள்ளை இல்லை. வண்ண மை ஒரு வடிகட்டி போன்றது. ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மீதியைத் திருப்பி அனுப்புவது அடியிலுள்ள காகிதமே. ஆகவே, படத்தில் வெள்ளை என்றால் ‘இங்கே மை வேண்டாம்’ என்றே இயந்திரம் கொள்ளும். ஒளிபுகும் தாளின் பின்னே இருள் இருந்தால், ஒளியைத் திருப்ப அங்கே எதுவும் இல்லை.

நுரை சொல்லும் பாடம்

கையில் அள்ளிய கடல்நீருக்கு நிறமில்லை. அலையின் நுரை மட்டும் ஏன் வெள்ளை? நீரும் காற்றும் சந்திக்கும் ஒரு பரப்பில் நேராக விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காடே திரும்பும். நுரையிலோ எண்ணற்ற பரப்புகள்! எல்லா நிறங்களும் ஏறக்குறைய சமமாகச் சிதறி வெண்மை தோன்றுகிறது.

வெள்ளை மையும் இவ்வாறே. அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு (ரூட்டைல் வகை) துகளின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, சுற்றியுள்ள பிசினுக்குச் சுமார் 1.5. இந்தப் பெரிய வேறுபாடே வலுவான சிதறலைத் தருகிறது. டைட்டானியத் தாது நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கிடைக்கிறது.

படத்தைத் திருத்திய விதம்

1. வெள்ளை வரவேண்டிய இடங்களைத் தனி அடுக்கில், கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன வெக்டார் உருவமாக வரைந்தோம். எவ்வளவு பெரிதாக்கினாலும் இதன் விளிம்பு சிதையாது.

2. அதற்கு ‘வெள்ளை’ என்று பெயரிட்டு, ஐந்தாவது மையாக, ஸ்பாட் கலராக, 100 விழுக்காடு நிரப்பினோம். திரையில் தெரிவதற்காக மட்டும் அதற்கு ஓர் இளஞ்சிவப்பு நிறம் கொடுத்தோம்.

3. இரு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமைந்தால், கணினி பொதுவாக அடியில் உள்ளதை வெட்டி நீக்கிவிடும். வெள்ளைக்கு ‘ஓவர்பிரின்ட்’ கட்டளை கொடுத்து இதைத் தடுத்தோம்.

4. அச்சில் தாள் சற்று நகர்ந்தாலும் ஆமையைச் சுற்றி வெள்ளை எட்டிப்பார்க்கக் கூடாது. எனவே ஆமைக்கு அடியில் வரும் வெள்ளையைச் சுற்றிலும் 0.1 மி.மீ. சுருக்கினோம்.

முதலில் வெள்ளை, அதன்மேல் வண்ணம் என்பது எங்கள் வரிசை. கண்ணாடியின் மறுபுறத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் வரிசை தலைகீழாகும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர்கள் முன்புறக் கோடுகளை முதலிலும் பின்னணியை இறுதியிலும் தீட்டுவது இதனால்தான்.

வார்னிஷ் இதற்கு நேர்மாறு. நிறமற்ற அது, சொரசொரப்பான பரப்பை வழவழப்பாக்கிச் சிதறலைக் குறைக்கும். நனைந்த கூழாங்கல்லின் நிறம் ஆழ்ந்து தெரிவது போல, அச்சிட்ட நிறமும் ஆழ்ந்து தெரியும். படத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் வார்னிஷ் பூச வேண்டுமானால், அதற்கும் தனி அடுக்கும் ஓவர்பிரின்ட்டும் தேவை.

நீங்களே செய்து பாருங்கள்: பஜ்ஜி வைத்த வெள்ளைத் தாளை விளக்குக்கு நேரே பிடியுங்கள். எண்ணெய் பட்ட இடம் ஒளியை விடும். அதே தாளைக் கருப்புத் துணிமேல் வைத்தால், அவ்விடம் கருத்துத் தெரியும். இழைகளுக்கிடையே இருந்த காற்றை எண்ணெய் நிரப்பிவிட்டது; ஒளிவிலகல் எண்களின் வேறுபாடு குறைந்தது; வெண்மையும் போயிற்று.

எங்கள் இரண்டாவது ஸ்டிக்கரில் எழுத்து இரவிலும் பளிச்சென்று தெரிந்தது. அறையில் இருப்பவர் அதைப் படித்துத் திரையை மூடினால், குஞ்சுகளுக்கு வழி தெரியும்.