ஒடியல் மாவுக்கு எந்த ஹாஷ்டாக்?

இன்ஸ்டகிராமின் தேடல் கட்டத்தில் ஹாஷ் குறியைப் போட்டு, ஆங்கில எழுத்தில் 'டெல்ஃப்ட்' என்று அடித்துப் பாருங்கோ. குறிகட்டுவானில் படகேறி, அலையில் ஆடி ஆடிப் போய் இறங்குகிற எங்கள் நெடுந்தீவு வரும் என்றுதானே நினைப்பீர்கள்? வராது! நீலமும் வெள்ளையுமாய்ப் பீங்கான் தட்டுகள், கால்வாய்ப் பாலங்கள், சைக்கிள்கள், ஓவியர் வெர்மீர் பிறந்த தெருக்கள் என்று நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம் திரையை நிறைத்துவிடும். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரை எங்கள் தீவுக்குச் சூட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பெயரில் தேடினால் இன்றைக்குத் தீவு கண்ணில் படுவதே அபூர்வம்.

இப்போது அதை அழித்துவிட்டுத் தமிழில் #நெடுந்தீவு என்று அடியுங்கோ. அடடா! கட்டைக் குதிரைகள் ஓடுகின்றன. பவளக்கல் வேலிகள், பெருக்கு மரம், உப்புக் காற்றில் வெளிறிய படகுகள். ஒரே தீவு, இரண்டு பெயர், இரண்டு உலகம். இந்த ஒரு நொடிக்காகவே எனக்கு இந்தத் தொழில் பிடிக்கும்.

தொழில் இதுதான். யாழ்ப்பாணத்துச் சின்னச் சின்ன வியாபாரங்களுக்குச் சமூக ஊடகப் பதிவுகள் தயாரித்துக் கொடுக்கிறேன். பார்க்கிறவர்களுக்குத் தெரிவது ஒரு படம், நாலு வரி, அடியில் ஹாஷ் குறியோடு சில சொற்கள். "அதைத்தானே கடைசியில் அவசரமாய்த் தட்டிவிடுவீர்கள்?" என்று கேட்பார்கள். இல்லவே இல்லை! படம் எடுப்பதைவிட அந்தச் சொற்களுக்குத்தான் கூடுதல் நேரம் போகிறது. திரையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுகிறேன், உள்ளே வாங்கோ.

முதலில் ஒரு சின்ன வரலாறு. 2007 ஓகஸ்ட் 23ஆம் திகதி கிறிஸ் மெசினா என்ற அமெரிக்கர், ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்களை ஒன்றுசேர்க்க ஹாஷ் குறியைப் பயன்படுத்தலாமா என்று ட்விட்டரில் கேட்டார். அப்போது போரால் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 வீதி மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. தரைவழி இல்லாத குடாநாட்டுக்கு அரிசியும் சீனியும் கப்பலில் வந்துகொண்டிருந்த காலம். 2009இல் ட்விட்டர் இந்தக் குறிகளைத் தொட்டால் திறக்கும் இணைப்புகளாக்கியது. 2011இல் இன்ஸ்டகிராமும் 2013இல் பேஸ்புக்கும் சேர்ந்துகொண்டன. அன்று பனம்பழத்தில் செய்கிற பினாட்டில் ஒரு துண்டை வெளியே அனுப்பவே வழியில்லாமல் இருந்த ஊர், இன்று அதன் படத்தைப் போட்டு ரொறன்ரோவில் இருந்து ஓடர் எடுக்கிறது. இதை எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். வலிகாமத்தில் ஒரு அக்கா வீட்டிலேயே ஒடியல் மா அரைத்து, புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி என்று பனம்பண்டங்கள் எல்லாம் பொதிசெய்து விற்கிறா. அவவின் முற்றத்தில் இருந்துதான் தேடலைத் தொடங்கினோம். பனைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற பல்மைரா என்ற சொல்லை அவவே தன் கைபேசியில் அடித்தா. அடித்ததும் முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி இது, இடிஞ்ச தூணும் கல்லுமாக் கிடக்குது? எங்கட பனை எங்க?"

"அது சிரியாவில இருக்கிற பழைய நகரம் அக்கா. அதுக்கும் இங்கிலீசில இதே பேர்தான்."

"ஐயோ பாவம், அவையின்ர ஊரும் இடிஞ்சு போச்சே..."

உண்மைதான். யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள அந்த நகரத்தின் பேல் கோயிலை 2015 ஓகஸ்டில் ஐஎஸ் இயக்கத்தினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தத் துயரப் படங்களின் நடுவில் பனங்கட்டிப் பொதியைக் கொண்டுபோய் வைக்க யாருக்கு மனம் வரும்? வாங்குகிறவரும் அங்கே வரப்போவதில்லை. ஆனால் வழி எங்கள் காலடியிலேயே கிடந்தது! 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் ஆங்கிலப் பெயர்ப் பலகையைக் கவனித்திருக்கிறீர்களா? இலங்கையில் பல்மைராவின் கடைசியில் ஒரு 'எச்' எழுத்துச் சேர்த்து எழுதுகிறோம். அந்த ஒரு எழுத்தைச் சேர்த்துத் தேடினால் தூண்கள் விலகுகின்றன, பனங்காணி தெரிகிறது, கள்ளும் கருப்பணியும் நாரும் ஓலைப்பெட்டியும் வருகின்றன. அக்கா கைதட்டியே விட்டா!

காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கும் இதே கதை. ஆங்கிலத்தில் அந்தப் பெயரை மட்டும் போட்டால் சவுக்கு மரமும், அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரப் புறநகர் ஒன்றும் வந்து நிற்கும். கூழின் கதையோ இன்னும் வேடிக்கை. அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறோம் என்று யோசித்துப் பாருங்கோ. சிகரெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாய் யார் யாரோ 'கூலாக' நிற்கிறார்கள்! ஒடியல் மாவோடு நண்டும் இறாலும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கிற எங்கள் கூழ் அந்தக் கூட்டத்துக்குள் என்ன செய்யும்?

அப்போ தமிழிலேயே போடுவோம் என்றால், அங்கேதான் உண்மையான ஆட்டம் தொடங்குகிறது. ஹாஷ்டாக்கில் இடைவெளி விடமுடியாது, விட்டால் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். ஆகவே சொற்களைச் சேர்த்தெழுத வேண்டும். சேர்த்தால் புணர்ச்சி வந்துவிடுகிறது. ஒடியல்கூழ் என்று ஒரு கூட்டம் எழுதுகிறது, ஒடியற்கூழ் என்று இலக்கணம் தப்பாமல் இன்னொரு கூட்டம் எழுதுகிறது. நமக்கு இரண்டும் ஒரே சட்டி, இயந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு தெரு. பனாட்டு, பினாட்டு, பிணாட்டு என்று மூன்று விதமாய் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்து என்று வேற்றுமை உருபு ஏறும்போதெல்லாம் குறியும் புதிதாகிவிடுகிறது. சுருக்கமாக #யாழ் என்று போடலாமே என்றால் நரம்புக் கருவியும் வரும், யாழ் என்று பெயர் வைத்த குழந்தைகளின் பிறந்தநாள் கேக்கும் வரும். அழகான குழந்தைகள்தான், ஆனால் அவர்கள் ஒடியல் மா தேடி வரவில்லை! #நல்லூர் என்றால் தமிழ்நாட்டிலும் எத்தனையோ நல்லூர்கள்.

கைபேசிக்குள் நம் எழுத்து எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்தால் இன்னும் வியப்பீர்கள். யாழ்ப்பாணம் என்பது நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது பதினொரு குறியீடு. கால் தனி, ஒவ்வொரு புள்ளியும் தனி. ஆரம்ப ஆண்டுகளில் ட்விட்டர் போன்ற தளங்களுக்கு இந்தத் துணைக்குறிகளும் சொல்லின் பகுதிதான் என்பது புரியவில்லை, தமிழ் ஹாஷ்டாக் நடுவழியில் முறிந்துபோகும். இன்றைக்கு ஒரு பிசகும் இல்லாமல் முழுச்சொல்லும் நீலமாய் ஒளிர்கிறது. ஆனாலும் புழுக்கொடியலில் வருகிற 'கொ' போன்ற எழுத்துகளின் துணைக்குறியை ஒற்றைக் குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாய் இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அதனால் குறியை ஒரு தடவை சரியாக அடித்து, கைபேசியின் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதையே எடுத்து ஒட்டுகிறோம்.

சொல் கிடைத்துவிட்டது என்று வையுங்கோ. அதன் பக்கத்தில் எத்தனை பதிவுகள் என்று இன்ஸ்டகிராம் எண்ணைக் காட்டும். பலர் அந்த எண்ணைப் பார்த்ததும் பெரியதாய் ஒன்றைப் பிடித்துவிடுகிறார்கள். நான் உள்ளே போய்விடுவேன்! மேலே நிற்கிற பதிவுகளை ஒவ்வொன்றாய்த் திறந்து, போட்டவர் விற்கிறவரா, சமைக்கிறவரா, ஊரைப் பிரிந்து ஏங்குகிறவரா என்று பார்ப்பேன். கடைசிப் பதிவு எப்போது வந்தது, கீழே கருத்துகளில் யாராவது "இது எங்க வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்களா என்று தேடுவேன். அந்த ஒரு கேள்வியைக் கண்டால் போதும், புதையலே கிடைத்த மாதிரி! கேட்டவர் அதற்கு என்ன பெயர் சொல்லிக் கேட்டார் என்பதை அப்படியே எழுதிவைத்துக்கொள்வேன்.

அப்படித்தான் பருத்தித்துறை வடையில் ஒரு பாடம் கிடைத்தது. இங்கே அது தட்டை வடை என்றும் பருத்தித்துறை வடை என்றும் விற்கிறது. சென்னையில் இருக்கிறவர் அதைப் பார்த்தால் தட்டை என்பார். #தட்டை என்று போட்டால் தமிழ்நாட்டுத் தீபாவளிப் பலகாரங்களோடு போய்க் கலந்துவிடும். #பருத்தித்துறைவடை என்று நீட்டி எழுதினால் கூட்டம் குறைவுதான், ஆனால் வருகிற அத்தனை பேரும் அந்த வடையைத் தின்று வளர்ந்தவர்கள். எனக்கு இரண்டாவது கூட்டம் போதும். சின்ன வியாபாரத்துக்கு ஊர்ப் பெயர் ஏறிய குறிக்கு இணையாக எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

தேட இலவசமாகவே நல்ல கருவிகள் இருக்கின்றன. கூகிள் டிரெண்ட்ஸில் இரண்டு எழுத்துக்கூட்டலைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கனடாவில் எது கூடுதலாகத் தேடப்படுகிறது, இலங்கையில் எது என்று ஒப்பிடலாம். ரிக்ரொக்கின் கிரியேட்டிவ் சென்டர் பக்கம் பல நாடுகளுக்குத் தனித்தனியாக ஏறுமுகத்தில் உள்ள குறிகளைக் காட்டும். புலம்பெயர்ந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள், அம்மாக்களும் அம்மம்மாக்களும் தமிழில் தேடுகிறார்கள். ஒரே பதிவில் இரண்டு தலைமுறைக்கும் ஒவ்வொரு வாசல் வைக்க வேண்டும். நேரமும் முக்கியம். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இரவு 8 மணி என்றால் இங்கே விடியற்காலை 5.30. கோயில் மணி கேட்கிற நேரத்தில் எங்கள் வேலை தொடங்கிவிடும்!

பருவம் தெரியாமல் குறி தேடுவதில் பயனில்லை. மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான், தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டங்கள், பிறகு 25 நாள் நல்லூர்த் திருவிழா என்று ஊரின் நாட்காட்டியே குறிகளின் நாட்காட்டி. நல்லூரில் 24ஆம் நாள் தேர். அன்றைக்கு #நல்லூர் முழுக்கத் தேரும் தூக்குக்காவடியுமாய்ப் பொங்கி வழியும்போது நமது பொதிப் படம் அங்கே யார் கண்ணிலும் படாது. தேருக்கு முந்திய வாரங்களில், ஊருக்கு வந்து திரும்பப் போகிறவர்கள் "என்ன கொண்டுபோகலாம்?" என்று தேடுகிற நேரத்தில் போட்டால் பலன் வேறு. லங்கா பிரீமியர் லீக் நடக்கும் நாட்களில் ஜஃப்னா என்ற ஆங்கிலக் குறிக்குள் கிரிக்கெட் புகுந்துவிடும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தொடவே கூடாத குறிகளும் உண்டு. மே 18, கறுப்பு ஜூலை, வெள்ளமும் புயலும் வந்த நாட்கள். அந்தக் குறிகளுக்குள் மக்கள் தங்கள் இறந்தவர்களைத் தேடுகிறார்கள், உதவி கேட்கிறார்கள். அங்கே விலைப்பட்டியலோடு போகிறவருக்கு நான் வேலை செய்வதில்லை.

இவ்வளவு பாடுபட்டும் ஹாஷ்டாக் இப்போது எடுபடுகிறதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் ஒரு பதிவுக்கு 30 வரை அடுக்கினோம். 2021இலேயே இன்ஸ்டகிராம் மூன்று முதல் ஐந்து போதும் என்று அறிவுறுத்தியது. ஹாஷ்டாக்கால் பதிவு கூடுதலாகப் பரவிவிடாது என்று அதன் தலைவர் அடம் மொசேரி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 2024 டிசம்பரில் ஹாஷ்டாக்கைப் பின்தொடரும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். நான் கலங்கவில்லை! தேடிக் கண்ட சொல் குறியில் மட்டும் நிற்பதில்லை. அதே சொல்லைப் பதிவின் முதல் வரியில் எழுதுகிறோம், வீடியோவில் அக்கா தன் வாயாலே சொல்கிறா, பொதியின் மேலும் அச்சடிக்கிறோம். வாங்குகிறவர் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரோ அந்தப் பெயருக்கு எங்கள் பொருள் திரும்பிப் பார்க்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை தேடலும்.

அக்காவுக்குக் கடைசியில் வைத்தவை ஐந்தே. 'எச்' சேர்த்த ஆங்கிலப் பனை ஒன்று, ஒடியல்கூழ், ஒடியற்கூழ், பினாட்டு, அத்தோடு அவவின் ஊர்ப் பெயர். ஊர்ப் பெயரை வைக்கத்தான் அவ கொஞ்சம் தயங்கினா. "சின்ன ஊர் தம்பி, ஆர் தேடப் போகினம்?" என்றா. அந்த ஊரை விட்டுப் போனவர்கள்தான் தேடுகிறார்கள். சில நாளில் வந்த ஒரு கருத்தில், அதே ஊரில் பிறந்த ஒருவர் அக்காவின் தெருவைச் சொல்லி, அந்தச் சந்தியில் இருந்த பனையைப் பற்றிக் கேட்டிருந்தார். மா இரண்டு கிலோவும் கேட்டிருந்தார்!

நீங்களும் இன்றைக்கே உங்கள் ஊர்ப் பெயரையும், உங்கள் வீட்டில் செய்கிற ஒரு பண்டத்தின் பெயரையும் சேர்த்துத் தமிழில் அடித்துப் பாருங்கோ. ஒரு பதிவும் வராவிட்டால் கவலைப்படாதேங்கோ, முதல் பதிவை நீங்களே போடுங்கோ.