காடிக்குள் ஒளிந்திருக்கும் உருகிப் பெட்டி

"மாமா, கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற மாட்டேங்குது. பியூஸ்தான் போயிருக்கும். ஆனா பாக்ஸ் எங்கே இருக்குன்னே தெரியல!"

பழைய பி.எம்.டபிள்யு. காடி ஒன்றை ஆசையோடு வாங்கிய என் மனைவியின் தம்பி இப்படித்தான் புலம்பினார். 1995 முதல் சந்தைக்கு வந்த இ39 வகை 5 சீரிஸ் அது. போய்ப் பார்த்தால், சிகரெட் லைட்டர் துவாரத்தில் ஒரு சில்லறைக் காசு! பிள்ளையின் வேலை. நடுமுனைக்கும் உலோகச் சுவருக்கும் இடையே காசு பாலம் போட்டதால் குறுக்குச் சுற்று ஏற்பட்டு, உருகி எரிந்துவிட்டது.

பெட்டி எங்கே?

சாதாரணக் காடிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்தால் உருகிப் பெட்டி தெரிந்துவிடும். சொகுசுக் காடிகளில் அப்படியில்லை. இருக்கை, கண்ணாடி, சன்னல் என்று எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஒரு பெட்டி போதாது. அழகு கெடாமலிருக்க அவற்றை மூடியும் வைத்திருப்பார்கள்.

இ39 காடியில் முதல் பெட்டி, முன்பயணியின் எதிரே உள்ள குளோவ் பாக்ஸின் மேற்புறம் இருக்கிறது. கதவைத் திறந்து மேலே பார்த்தால் இரண்டு வெள்ளைத் திருகுப் பிடிகள் தெரியும். அவற்றைத் திருப்பினால் பெட்டி கீழே இறங்கும். எந்த உருகி எதற்கு என்று காட்டும் அட்டையும் அங்கேயே உண்டு. இரண்டாவது பெட்டி, பின்பக்கப் பூட்டில் வலப்புற மூடிக்குப் பின்னால் இருக்கிறது. 2002இல் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் டபிள்யு211 வகையிலோ டேஷ்போர்டின் ஓரம், எஞ்சின் அறை, பூட் என மூன்று இடங்களில் தேட வேண்டும். எந்தக் காடியானாலும் உரிமையாளர் கையேட்டை முதலில் புரட்டுவதே நல்லது.

மாற்றும் முறை

1. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள்.
2. அட்டையைப் பார்த்து உரிய உருகியைக் கண்டுபிடித்து, பிளாஸ்டிக் இடுக்கியால் நேராக இழுங்கள். உலோகக் குறடு வேண்டாம்.
3. நடுவிலுள்ள உலோகப் பட்டை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.
4. அறுந்ததற்கான காரணத்தை நீக்குங்கள். நாங்கள் உருகியைக் கழற்றிய பிறகே, மரக்குச்சியால் காசை வெளியே எடுத்தோம்.
5. அதே ஆம்பியர் அளவுள்ள புதிய உருகியைப் பொருத்துங்கள். அதுவும் உடனே எரிந்தால் நிறுத்திக்கொண்டு, மின்வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நிறத்தைக் கவனியுங்கள்

தட்டை வகை உருகிகளில் நிறமே அளவைச் சொல்லும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. அன்று அட்டையோடு ஒப்பிட்டபோதுதான் எனக்குப் பகீரென்றது. சிவப்பு இருக்க வேண்டிய ஓர் இடத்தில் பச்சை இருந்தது! முன்பு யாரோ, "அடிக்கடி எரியுதே, பெரிசா போடுவோம்" என்று செய்த வேலை.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உருகியின் முதல் வேலை கம்பியைக் காப்பது. 10 ஆம்பியர் தாங்கும் சுற்றில் 30 ஆம்பியர் உருகியைப் போட்டால், ஆபத்து வரும்போது உருகி உருகாது, கம்பி சூடாகும். அதன் உறை உருகி, மூடிகளுக்குள்ளே தீப்பிடிக்கலாம். வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பது இதைவிட மோசம். உருகி எரிவது பழுதல்ல. "உள்ளே ஏதோ கோளாறு" என்ற எச்சரிக்கை. எச்சரித்தவனின் வாயைக் கட்டினால் நட்டம் நமக்குத்தானே?

தம்பி அன்றே அந்தப் பச்சையைக் கழற்றிவிட்டுச் சிவப்பைப் போட்டார். அது ஏன் அடிக்கடி எரிந்தது என்பதைப் பார்க்கப் பட்டறைக்கும் காடியை அனுப்பினார்.

மாணவர் பயிற்சி

1. 12 வோல்ட் மின்சுற்றில் 120 வாட் கருவி எத்தனை ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும்? (குறிப்பு: திறனை மின்னழுத்தத்தால் வகுக்கவும்.)
2. அந்தச் சுற்றில் 5 ஆம்பியர் உருகியைப் போட்டால் என்ன நடக்கும்? 30 ஆம்பியர் போட்டால்?
3. "உருகி எரிவது பழுதல்ல, எச்சரிக்கை" என்பதை உங்கள் சொந்த நடையில் ஐந்து வரிகளில் விளக்குக.