இலையைச் சோதிக்கிறோம், கையை?

ஐரோப்பாவுக்குப் போகும் தேயிலையில் கிளைபோசேட் களைநாசினி கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்கு 0.01 மில்லிகிராம்தான். 2015இல் இலங்கை கிளைபோசேட்டைத் தடைசெய்த பின், புல்லுக்கு எம்.சி.பி.ஏ. என்ற வேறு மருந்து அடிக்கப்பட்டது. அதன் எச்சம் யப்பானுக்குப் போன தேயிலையில் தெரியவந்து பெரிய தலையிடியானது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மறுபடி அனுமதிக்கப்பட்டது. இலையில் ஒட்டியதை இவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம். கொழுந்து பறிக்கும் கையிலும் மருந்து டாங்கி சுமக்கும் முதுகிலும் ஒட்டியதை அளக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் இல்லை.

மருந்து வாயால் மட்டும் உள்ளே போவதில்லை. தோலும் குடிக்கும், இடத்துக்கு இடம் வேறு அளவில். கலிபோர்னியாவில் ஹோவர்ட் மைபக் குழுவினர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், பரத்தயோன் என்ற பூச்சிமருந்தைத் தோலில் தடவிப் பார்த்தார்கள். முன்கையில் 9 வீதமளவு உள்ளே போனது. உள்ளங்கையில் 12 வீதம், தலைத் தோலில் 32, நெற்றியில் 36. கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்திக் கிடப்பது தலையில்தான். மருந்து அடிப்பவர் புறங்கையால் வியர்வை துடைப்பது நெற்றியில்தான்.

தோலில் இருப்பதை அறிய ஊசி வேண்டாம். ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுத் துணியால் உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று அழுத்தித் துடைக்க வேண்டும். துணியை அலுமினியத் தாளில் சுற்றி, குளிர்ப்பெட்டியில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதும். தேயிலையில் எச்சம் தேடும் அதே வகைக் கருவிகள் துணியிலும் தேடும்.

இன்னொரு வழி சிலிக்கோன் கைப்பட்டி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிம் அண்டர்சன் குழுவினர் 2014இல் இதை அறிமுகப்படுத்தினார்கள். சில நாள் கட்டியிருந்தால் காற்றிலும் தோலிலும் உள்ள இரசாயனங்களை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிறகு செனகலில் 35 பேர் அணிந்த பட்டிகளில் 26 வகைப் பீடைநாசினிகள் அகப்பட்டன. ஆனால் சிலிக்கோனுக்கு எண்ணெய்ப்பசையுள்ள பொருட்களோடுதான் உறவு. நீரில் எளிதில் கரையும் கிளைபோசேட் அதில் ஒட்டாது. அதற்கு ஈரத்துணியோ கை கழுவிய நீரோதான் சரி. எந்த மருந்தைத் தேடுகிறோம் என்று தெரியாமல் பட்டி கட்டிப் பயனில்லை.

ஊசியில்லாமல் சோதிக்கக்கூடிய இன்னொன்றான வியர்வைக்கும் மருத்துவத்தில் பழைய பெயர் உண்டு. நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் பைபுரோசிஸ் என்ற பரம்பரை நோயுள்ள பிள்ளைகளின் வியர்வை மிக உப்பானது என்று 1953இல் டி சான்ட்அக்னேசே காட்டினார். 1959 முதல், பைலோகார்ப்பின் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் முன்கைத் தோலுக்குள் செலுத்தி வியர்க்கவைத்துச் சோதிக்கிறார்கள். குளோரைட்டு லீற்றருக்கு 60 மில்லிமோலைத் தொட்டால் நோய் பெரும்பாலும் உறுதி. மழையும் பனியுமாக இருக்கும் நுவரெலியாவில் தானாக வடியும் வியர்வையை நம்பமுடியாது. இப்படி வரவழைத்தால்தான் உண்டு.

இவற்றால் ஆகாததும் உண்டு. மலையகப் பெண்களை வாட்டும் இரத்தச்சோகையை வியர்வை சொல்லாது. அதற்கு ஒரு சொட்டு இரத்தம் வேண்டும். துணியில் மருந்து இருந்தால் தோலில் பட்டது என்றுதான் பொருள். உடலுக்குள் எவ்வளவு போனது என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும்.

ஆனாலும் ஒரு கேள்விக்குத் துணி நேராகப் பதில் சொல்லும். வேலை முடிந்ததும் ஒரு கையையும், சவர்க்காரம் போட்டுக் கழுவியபின் மற்றக் கையையும் துடைத்தால், கழுவலால் எவ்வளவு குறைந்தது என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். தேநீர் குடிக்கும் முன் கைகழுவ மலையிலேயே தண்ணீர் வேண்டும் என்று கேட்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒரு நிபந்தனை: முடிவு முதலில் மருந்து அடித்தவரிடம் போகவேண்டும், தோட்டத் துரையின் மேசைக்கு அல்ல. இல்லாவிட்டால், பேர் போய்விடுமோ என்று பயந்து ஒருவரும் கை நீட்டமாட்டார்கள்.