போட்டோவின் நிறம் வேறு, புடவையின் நிறம் வேறு!



நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் இல்லத்தரசி. வீட்டு வேலை போக மீதி நேரத்தில் புடவைத் தலைப்புக்குக் குச்சு கட்டிக் கொடுக்கிறேன். மகளின் காலேஜ் பஸ் கட்டணமும், மளிகைச் செலவில் பாதியும் இந்த வருமானத்தில்தான் ஓடுகிறது. என்னைப்போல வீட்டிலிருந்தே குச்சு, ஆரி வேலை, தையல் என்று செய்யும் தோழிகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆவணி, தை பிறந்தால் ஒரே கல்யாண வீட்டிலிருந்து இருபது, இருபத்தைந்து புடவைகள் வரும். புடவை வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் போட்டோக்கள் வந்துவிடும். எந்த நிற நூல் எத்தனை கண்டு வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்து முடிப்பதற்குள் கண் பூத்துப்போகும். ஒரு நிறம் குறைந்தாலும் மறுபடி பஸ் ஏறி டவுனுக்குப் போகணும். முகூர்த்த நாள் நமக்காகக் காத்திருக்குமா?

இதற்காக என் மகள் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். 1990ல் வெளிவந்தது, இலவசம். போட்டோக்களை எல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு, அவள் எழுதி வைத்திருக்கும் நாலு வரிக் கட்டளையை ஓடவிட்டால் போதும். ஒவ்வொரு போட்டோவிலும் உள்ள முக்கியமான ஆறு நிறங்களை வரிசையாக எடுத்துக் கொடுத்துவிடும்.

"அது எப்படிடி கண்டுபிடிக்குது?" என்று கேட்டேன். போட்டோவின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டாம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் கலந்தால் 1,67,77,216 விதமான நிறங்கள்! கலந்து கிடக்கும் மணிகளை நாம் நிறம் பார்த்துக் கிண்ணங்களில் பிரிப்பது போல, ஒன்றுக்கொன்று நெருங்கிய நிறங்களைச் சேர்த்து, ஒரு கிண்ணத்துக்கு ஒரு சராசரி நிறம் என்று சொல்கிறது.

ஆனால் எண் வந்துவிட்டதே என்று உடனே நூல் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அது சொல்வது போட்டோவின் நிறத்தை. புடவையின் நிறத்தை அல்ல. நான் கடைப்பிடிக்கும் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

* காலை வேளையில் ஜன்னலோரம் புடவையை விரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடுவேன். அந்தத் தாளுக்கு வரும் மூன்று எண்களும் ஏறக்குறைய சமமாக இருக்கணும். சிவப்பு எண் ஏறி, நீல எண் இறங்கியிருந்தால் மஞ்சள் விளக்கில் எடுத்த படம். வேறு படம் கேட்டு வாங்கிவிடுவேன்.

* போட்டோவில் சுவர், தரை, மெத்தை விரிப்பு எல்லாம் தெரிந்தால் அவற்றின் நிறமும் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். புடவை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிவிட்டுப் போடுங்கள்.

* மெல்லிய பார்டரின் நிறம், உடலின் நிறத்துக்குள் அமுங்கிவிடும். பார்டரைத் தனியாக வெட்டி, தனிப் படமாகச் சேர்த்தால் சரியாக வரும். ஜரிகை மட்டும் வெளிச்சத்துக்குத் தக்கபடி பழுப்பு, மஞ்சள், வெள்ளை என்று மாறி மாறி வரும். அதை நம்ப வேண்டாம்.

* மயில்கழுத்துப் புடவையில் பாவு நூல் ஒரு நிறம், ஊடை நூல் வேறு நிறம். மடிப்புக்கு மடிப்பு பச்சையும் நீலமுமாக மாறும். மென்பொருள் இதை இரண்டு நிறமாகப் பிரித்தோ, இரண்டும் இல்லாத நடு நிறமாகவோ காட்டும். இப்படிப்பட்ட புடவைகளுக்குப் புடவை கைக்கு வந்த பிறகுதான் நூல் எடுப்பேன்.

* இணையத்திலும் இதே வேலையைச் செய்யும் தளங்கள் உண்டு. ஆனால் சிலர் புடவையைக் கட்டிக்கொண்டு எடுத்த படத்தை அனுப்புவார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் படத்தை முன்பின் தெரியாத இடத்தில் ஏற்றலாமா? நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே வேலை முடிவது நல்லது.

கடைசியாக ஒன்று. நூல் கடைக்காரரிடம் எண்ணைச் சொன்னால் விழிப்பார். அதற்கு என் மாமியார்தான் வழி. திரையில் வரும் நிறத்தைப் பார்த்து, "நம்பர் கிடக்கட்டும்மா, இது வெங்காயத்தோல். அது அரக்கு. இந்தப் பக்கம் இருக்கிறது மாம்பழ மஞ்சள்" என்பார். எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போவேன். போன தை மாதம் 24 புடவைகளுக்கு ஒரே நடையில் நூல் வாங்கி, முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்பே கொடுத்துவிட்டேன்.

"கம்ப்யூட்டரே கலர் பாத்துடுதே, கூலியைக் குறைச்சுக்கோங்களேன் அக்கா" என்று சிலர் பேரம் பேசுகிறார்கள். குறைக்காதீர்கள் தோழிகளே! அது பட்டியல்தான் போடுகிறது. எது சரி, எது தப்பு என்று பார்ப்பது நம் கண். கட்டி முடிப்பது நம் கை.

— ஒரு வாசகி, கும்பகோணம் வட்டம்.